அஞ்சு வட்டிக்கு வாங்குபவருக்குக் கணக்குத் தெரியும்

நூற்றுக்கு 27 பேர். தேசிய நிதிக் கல்வி மையம் 2019இல் நடத்திய கணக்கெடுப்பு, இந்தியாவில் பண விவரம் அறிந்தவர்கள் இத்தனை பேர்தான் என்றது. அதற்கு ஐந்தாண்டு முன்பு எஸ் அண்ட் பி நிறுவனம் உலகெங்கும் எடுத்த ஆய்வில் நமக்குக் கிடைத்த மதிப்பெண் 24. உலகச் சராசரி 33. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு வாதம் ஊரெல்லாம் சுற்றி வருகிறது. நம் மக்களுக்கு வட்டிக் கணக்குத் தெரியாது. தெரியாததால் தேவையில்லாததை வாங்குகிறார்கள், தவணையில் சிக்குகிறார்கள், கந்துவட்டிக்காரர் வாசலில் போய் நிற்கிறார்கள். சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அந்த வாதம். ரிசர்வ் வங்கி 2016 முதல் ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் நடத்துகிறது. வங்கி அதிகாரிகள் கிராமங்களில் முகாம் போடுகிறார்கள். சேமிப்புப் பத்தி எழுதுகிறவர்கள் முதல் யூடியூபில் முதலீட்டு யோசனை சொல்கிறவர்கள் வரை இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருப்பதாகத் தெரியவில்லை. இத்தனை பேர் சேர்ந்து தலையாட்டும் விஷயங்கள் நம் நாட்டில் அபூர்வம். அதனாலேயே இதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தேர்வில் என்ன கேட்டார்கள் என்று முதலில் பார்க்கலாம். எஸ் அண்ட் பி ஆய்வு தொட்டது நான்கு விஷயங்களை: எளிய வட்டிக் கணக்கு, கூட்டு வட்டி, விலைவாசி உயர்வு, பணத்தை ஒரே இடத்தில் போடாமல் பிரித்துப் போடுவது. நான்கில் மூன்றுக்குச் சரியாக விடை சொன்னவர் விவரமானவர், மற்றவர் விவரமில்லாதவர். பாடப்புத்தகத்தின் மொழி அது. தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் யாரும் அந்த மொழியில் கடன் பேசுவதில்லை. 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். 'அஞ்சு வட்டி' என்றால் ஐந்து ரூபாய், அதாவது ஆண்டுக்கு அறுபது. பூ விற்கும் அம்மாவும் இஸ்திரி வண்டிக்காரரும் இதைத் தாளும் பேனாவும் இல்லாமல் சொல்வார்கள். யாரிடம் ரெண்டு வட்டிக்குக் கிடைக்கும், யார் மூன்றுக்குத் தருவார், யார் ஐந்து கேட்டாலும் இரவு பத்து மணிக்குக் கதவைத் திறப்பார் என்ற விலைப்பட்டியல் அவர்கள் மனத்தில் இருக்கிறது. தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்தம் போக 9,000 ரூபாய் கையில் வரும். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் மாற்றினால் இதன் வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். வாங்குகிறவருக்கு அந்த எண் தெரியாமல் இருக்கலாம். ஆயிரம் ரூபாய் போகிறது என்பதும், அந்தப் பணத்தில் வாங்கும் சரக்கு நூறு நாளில் தனக்கு எவ்வளவு ஈட்டித் தரும் என்பதும் தெரியும். வியாபாரிக்கு வேண்டிய கணக்கு அதுதான். அவர் அதில் தவறுவதில்லை.

கடையில் பொருள் வாங்கும் விதத்துக்கு வந்தால் இந்தக் குற்றச்சாட்டு இன்னும் தள்ளாடுகிறது. ஏழைகள் சின்னப் பொட்டலமாக வாங்கி அதிக விலை கொடுக்கிறார்கள் என்பது பொருளியல் வகுப்புகளில் தேய்ந்துபோன உதாரணம். பொட்டல ஷாம்பு தமிழ்நாட்டிலேயே வளர்ந்த பொருள். கடலூரில் தொடங்கிய கதை அது. பாட்டிலையும் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு மில்லிக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். பல ஷாம்புகளில் பொட்டலம்தான் மலிவு. பாட்டில் வாங்கும் நடுத்தரக் குடும்பம் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்திருக்காது. சரம் சரமாகத் தொங்கும் பொட்டலத்தில் ஒன்றைக் கிழித்து வாங்கும் பெண் போட்டிருப்பார். அரிசி, எண்ணெய், பருப்பில் நிலைமை நேர்மாறு என்பது உண்மை. அங்கே ஐம்பது கிராமாக வாங்குகிறவர் கூடுதல் விலைதான் தருகிறார். மூட்டையாக வாங்கினால் மிச்சம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டைக்கு வேண்டிய பணம் ஒரே நாளில் அவர் கைக்கு வருவதில்லை. தினக்கூலிக்குப் போகிற வீட்டில் அடுப்பும் தினக்கூலியில்தான் எரியும்.

'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்' என்ற நூல் 2009இல் வந்தது. இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் பண வரவு செலவை, இரு வாரத்துக்கு ஒருமுறை நேரில் போய், ஓராண்டு முழுக்கக் குறித்துவைத்த ஆய்வு அது. நாளொன்றுக்கு இரண்டு டாலருக்கும் குறைவாக வாழும் அந்தக் குடும்பங்கள் சீட்டு, கைமாற்று, கடைக்கடன், பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த பணம், சிறுகடன் குழு, அடகு என்று ஒரே நேரத்தில் பலவற்றை ஓட்டிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு சம்பளக் கணக்கும் ஒரு கடன் அட்டையும் வைத்திருக்கும் அலுவலர் செய்யும் பண நிர்வாகத்தைவிட இது சிக்கலானது. இங்கேயும் அதே கதைதான். தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன; எழுதப் படிக்கச் சிரமப்படும் பெண்கள்கூடச் சந்தா, உள்கடன், வட்டி, நிலுவை என்று குழுவின் பேரேட்டைக் காது வழியாகவே சரிபார்த்துக்கொள்கிறார்கள். ஏலச்சீட்டில் எத்தனையாவது மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தால் தனக்குக் கட்டுபடியாகும் என்று முடிவெடுப்பது எளிய கணக்கா என்ன? இவர்களைத்தான் அந்தத் தேர்வின் கேள்விகள் 'தெரியாதவர்' பட்டியலில் சேர்த்தன.

இப்போது சொல்லிக் கொடுப்பதால் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு வரலாம். ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் என்ற மூவர் 2014இல், அதுவரை வந்த 201 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்களின் பண நடத்தையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில், பயிற்சி வகுப்புகளைக் கொண்டு விளக்க முடிந்த பங்கு 0.1 சதவீதம். ஆயிரத்தில் ஒன்று. வருமானம் குறைந்தவர்களிடம் விளைவு இன்னும் மெலிந்தது; மணிக்கணக்கில் நடத்திய வகுப்புகள்கூட இருபது மாதம் கழித்துப் பார்த்தால் தடயம் இல்லாமல் போயிருந்தன. இந்தோனேசியாவில் கோல், சாம்ப்சன், ஜியா ஆகியோர் செய்த சோதனை இதைவிடக் கூர்மையானது. வங்கிக் கணக்கு இல்லாதவர்களில் ஒரு பகுதியினருக்கு நிதி வகுப்பு எடுத்தார்கள். கணக்குத் திறந்தால் தரப்படும் ஊக்கத்தொகையை மூன்று டாலரிலிருந்து பதினான்கு டாலர் வரை ஆளுக்கு ஆள் மாற்றி வைத்தார்கள். மொத்தத்தில் வகுப்பால் கணக்குத் திறந்தவர் எண்ணிக்கை அசையவில்லை. தொடக்கத்தில் மிகக் குறைந்த அறிவு இருந்தவர்களிடம் மட்டும் சிறிது அசைந்தது. சில டாலர் கூடியதும் கூட்டம் வந்தது. 2011இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே விலையா, அறிவா என்று கேட்கிறது. விடை விலையின் பக்கம் நின்றது.

எதிர்த்தரப்பில் நல்ல சான்று இல்லாமலில்லை. கைசர், லுசார்டி, மென்காஃப், அர்பன் ஆகியோர் 2022இல் 76 கட்டுப்பாட்டுச் சோதனைகளைத் தொகுத்து, நிதிக் கல்வி அறிவையும் நடத்தையையும் உண்மையிலேயே உயர்த்துகிறது, அதன் பயன் விரைவில் கரைந்துவிடுகிறது என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். முறையியலில் 2014 தொகுப்பைவிட இது கறாரானது; ஒப்புக்கொள்ள வேண்டியதே. வகுப்பு எடுப்பது வீண் என்பது என் வாதமும் இல்லை. ஆனால் அந்த நால்வரில் இருவரான கைசரும் மென்காஃபும் 2017இல் 126 ஆய்வுகளைத் தொகுத்தபோது கண்டது என்ன? குறைந்த வருமானக்காரர்களிடமும் ஏழை நாடுகளிலும் பயிற்சியின் பலன் குறைவு. அதிலும் கடனைக் கையாளும் விஷயத்தில் மாற்றம் கொண்டுவருவது கடினம். நம் ஊரில் நிதிக் கல்வியின் பெயரால் எதைச் சரிசெய்யப் போவதாகச் சொல்கிறோமோ, யாரைத் திருத்தப் போவதாகச் சொல்கிறோமோ, அங்கேதான் மருந்து வேலை செய்யத் தடுமாறுகிறது. வரவு செலவு எழுதும் பழக்கமும் கொஞ்சம் சேமிப்பும் வகுப்பால் கூடலாம். தண்டல் பாக்கி அதனால் தீராது.

ஏன் என்று கேட்டால் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் விடை இருக்கிறது. கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை. வெட்டுக்கு முன் கை காய்ந்திருக்கும், வெட்டி ஆலைக்கு அனுப்பியபின் ஈரமாகும். 464 விவசாயிகளை வெட்டுக்கு முன்பும் பின்பும் சந்தித்துச் சிந்தனைத் திறனை அளந்தார்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர். 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. வெட்டுக்கு முன்பு அவர்களில் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின்பு 4 சதவீதம். வெட்டுக்கு முன்பு சோதனையில் தடுமாறிய அதே விவசாயி, பணம் வந்தபின் தெளிவாக விடை சொன்னார். இடையில் யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. படிப்பும் அனுபவமும் குணமும் மாறவில்லை, மாறியது கையிருப்பு. ஒரு மனிதர் நவம்பரில் அறியாதவராகவும் மார்ச்சில் அறிந்தவராகவும் இருந்தால், அந்த அறியாமையின் பெயர் வேறு. நிதிக் கல்வி முகாமைக் கையில் காசில்லாத மாதத்தில் நடத்திவிட்டு, மக்களுக்குப் புரியவில்லை என்று அறிக்கை எழுதுகிறோம்.

கல்வி மட்டும் போதாது, வங்கிச் சேவையும் போய்ச் சேர வேண்டும் என்று சற்று முன்னேறியவர்கள் சொல்வார்கள். சேவை போய்ச் சேர்ந்துதானே இருக்கிறது? உலக வங்கியின் கணக்கில் 2011இல் இந்தியாவில் வயது வந்தவர்களில் 35 சதவீதம் பேரிடம் கணக்கு இருந்தது. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்தபின், 2017இல் அது 80 சதவீதம் ஆகிவிட்டது. ஆனால் 2021இல் பார்த்தபோது, கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஓராண்டாக அதில் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஜன் தன் கணக்கில் 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று எடுக்க இடமுண்டு; ஆறு மாதம் கணக்கை ஒழுங்காக நடத்தியிருக்க வேண்டும், ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான், அதுவும் வங்கி மனம் வைத்தால். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் இந்த வசதியால் என்ன பயன்? சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் கதை இன்னும் கசப்பு. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று பொதுத்துறை வங்கிகள் 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்தாண்டில் பிடித்தம் செய்த தொகை 8,495 கோடி ரூபாய் என நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்லப்பட்டது. பணம் இல்லாதவரிடம் பணம் இல்லாததற்காக எடுத்த பணம் அது. இருப்பு வைக்க வேண்டும் என்ற விதி தெரியாததாலா அவர்கள் வைக்கவில்லை? 2025இல் பல பொதுத்துறை வங்கிகள் அந்த அபராதத்தைக் கைவிட்டன. அத்துடன் அந்த வாடிக்கையாளர்களின் 'நிதி ஒழுக்கம்' ஒரே நாளில் தேறிவிட்டது.

சேவை வாழ்க்கையின் வடிவத்துக்குப் பொருந்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யா சாட்சி. 2007இல் அங்கே எம்-பெசா என்ற கைபேசிப் பணம் வந்தது. பெட்டிக்கடையில் காசைக் கொடுத்தால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நொடியில் போய்விடும். வீட்டில் நோயோ பயிர்ச்சேதமோ வந்தபோது எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு சுமார் 7 சதவீதம் சரிந்ததையும், இருந்த குடும்பங்களில் சரியாததையும் ஜாக், சூரி என்ற இருவர் பதிவு செய்தார்கள். அந்தக் குடும்பங்கள் கூட்டு வட்டி கற்றுக்கொண்டு பிழைக்கவில்லை. கெட்ட நாளில் உறவினரின் ஐந்நூறும் ஆயிரமும் வந்து சேர ஒரு வழி இருந்தது. அதனால் உலையில் அரிசி குறையவில்லை.

இனி கல்லாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்ப்போம். நிதிக் கல்விப் பேச்சில் அவர் தலையே தெரிவதில்லை. 20,000 ரூபாய்க் கைபேசி, ஆறு தவணை, 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்கிறது விளம்பரம். மொத்தமாகக் கட்டுகிறவருக்கு 1,200 ரூபாய் தள்ளுபடி உண்டு, தவணைக்காரருக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கைபேசியின் உண்மை விலை 18,800; மாதம் 3,333 வீதம் கட்டும் தவணைக்காரர் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கிறார், செயலாக்கக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி. அடுத்த தெருவில் இரு சக்கர வண்டி. 60,000 கடன், இரண்டு ஆண்டு, 'வெறும் 12 சதவீதம் பிளாட்'. மாதம் 3,100. அசல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்ற நியாயப்படி கணக்கிட்டால் இதுவும் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒன்றின் பெயர் சுழியம், இன்னொன்றின் பெயர் பன்னிரண்டு, விலை ஒன்றே. இந்தக் கணக்கை மனத்தால் போட யாராலும் ஆகாது. பட்டயக் கணக்காளரும் எக்செல்லைத் திறக்க வேண்டும். சுழிய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பி அத்தகைய திட்டங்களைக் கண்டித்தது. பெயரை மாற்றிக்கொண்டு அது திரும்ப வந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் பேனராகத் தொங்குகிறது. வாங்குகிறவரின் அறியாமை விற்கிறவர் உழைத்து உருவாக்கிய பொருள். அதைக் கலைக்க மக்களை வகுப்புக்கு அழைப்பது, கலப்படப் பாலைக் கண்டுபிடிக்க வீட்டுக்கொரு ஆய்வுக்கூடம் வைக்கச் சொல்வதற்குச் சமம்.

காப்பீட்டிலும் இதே கூத்து. 2004-05 தொடங்கி 2011-12 வரை தவறாக விற்கப்பட்ட ஆயுள் காப்பீட்டால் மக்கள் இழந்தது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் என்று மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகிய மூவர் மதிப்பிட்டார்கள். தரகுத் தொகையை வெளியே சொல்ல வேண்டும் என்று ஒரு வகைப் பாலிசிக்கு விதி வந்தபோது முகவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வேறொரு ஆய்வு காட்டியது: அந்தப் பாலிசியை விட்டுவிட்டு, வெளியே சொல்லத் தேவையில்லாத, தரகு அதிகமுள்ள இன்னொன்றைப் பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். தகவல் ஓரடி முன்னால் வந்தால் விற்பனை இரண்டடி நகர்ந்துகொள்ளும்.

என் வாதத்துக்கு எதிராகப் பலமாக நிற்கக்கூடிய ஆய்வு ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. சென்னைச் சந்தையிலும் பிலிப்பைன்ஸிலும் சிறு வியாபாரிகளின் வட்டிக்கடனை ஆய்வாளர்களே அடைத்துவிட்டார்கள். சிலருக்குச் சிறு பயிற்சியும் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனில் விழுந்தார்கள். ஓரிரு ஆண்டில், கடன் அடைக்கப்படாதவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. கார்லன், முல்லைநாதன், ராத் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இது. பணம் கொடுத்தும் திருந்தாதவர்களை என்ன செய்வது, பழக்கம்தானே காரணம் என்று கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர் அந்தப் பயிற்சியும் அங்கே காப்பாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடன் ஒருமுறை அடைபட்டது. கடன் வாங்க வைத்த வாழ்க்கை அப்படியே இருந்தது. மழை பெய்தால் காய் அழுகும், பந்த் என்றால் வியாபாரம் கிடையாது, கணவனுக்குக் கால் முறிந்தால் இரண்டு மாத முதல் போய்விடும். ஒரு தரம் நிரப்பிய குடம் ஓட்டையோடுதான் இருந்தது. மாதாமாதம் வரும் சிறு தொகைக்கு ஒருமுறை வரும் பெருந்தொகையைவிட வேறு வலு உண்டு. 2023 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் விழுகிறது. அதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுவோருக்கு இந்தத் தேதிப் பொருத்தத்தின் அருமை எட்டுவதில்லை: எந்த நாளில் வரும் என்று தெரிந்த ஆயிரம், எப்போது வருமென்று தெரியாத மூவாயிரத்தைவிட வீட்டுச் செலவுக்கு உதவும். ரேஷன் கடைக்கும் சீட்டுக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் தேதி இருக்கிறதே.

வாங்க முடியாததை ஆசைப்பட்டு வாங்குகிறார்களே, பெரிய டிவியும் ஆடம்பரக் கல்யாணமும் அறியாமையில்லாமல் வேறென்ன என்பது அடுத்த அம்பு. ஆசை இருக்கத்தான் செய்கிறது. ஆசைக்கும் கணக்கறிவுக்கும் தொடர்பில்லை என்பதற்குப் பங்குச் சந்தையைவிட நல்ல சான்று கிடையாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. வரைபடம் வாசிக்கத் தெரிந்த, டீமேட் கணக்கு வைத்திருக்கிற, எஸ் அண்ட் பி தேர்வின் எல்லாக் கேள்விகளுக்கும் தூக்கத்தில் விடை சொல்லக்கூடிய கூட்டம் அது. அவர்களைத் திருத்த செபி ஊர் ஊராக முகாம் போட்டதா? அடுத்த மாதமே ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சமாக உயர்த்தியது. வாராந்தர ஒப்பந்தங்களை ஒரு சந்தைக்கு ஒன்று என்று சுருக்கியது. பொருளின் வடிவத்தையே மாற்றியது. விவரமானவர்கள் வழுக்கி விழுந்தால் தரையைத் துடைக்கிறார்கள்; விவரமில்லாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர் விழுந்தால் நடக்கக் கற்றுக்கொள் என்கிறார்கள். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் அடுத்தடுத்துக் கவிழ்ந்த ஃபைனான்ஸ் கம்பெனிகளில் ஓய்வூதியப் பணத்தைக் கொட்டியவர்களில் அரசு அலுவலர்களும் இருந்தார்கள். அப்போதும் அரசு செய்தது 1997இல் வைப்பாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததுதான்.

ஏழைகள் விஷயத்தில் இப்படி நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது, அரைமனத்தோடு. ஆந்திரத்தில் 2010இல் சிறுகடன் நிறுவனங்களின் வசூல் கொடுமை வெடித்தபின் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு குடும்பத்தின் மொத்தத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. கடன் கொடுப்பவர் தலையில் பொறுப்பை வைக்கிறது. அதே ஆணை, சிறுகடன் நிறுவனங்களுக்கு அதுவரை இருந்த வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் முதல் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டியைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்ற ஆணையும் வந்திருக்கிறது. கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கும் உரிமையைப் பற்றி மட்டும் ஒரு முகாம் நடத்தினால், அதற்கு நானும் நாற்காலி எடுத்துப் போடத் தயார்.

தங்க நகைக் கடனில் 2025இல் நடந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் நகை வெறும் அலங்காரம் கிடையாது; விதைக்கும், கல்லூரிக் கட்டணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும் வங்கியில் போய் உட்கார்ந்து திரும்பும் முதல் அது. கிராமுக்கு எந்த வங்கி எவ்வளவு தருகிறது, விவசாயக் கடனில் வைத்தால் வட்டி எவ்வளவு குறையும், எப்போது வட்டி கட்டித் திருப்பி வைக்கலாம் என்பதெல்லாம் பெண்களுக்கு அத்துபடி. வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கும் வழக்கத்தை வங்கிகள் இறுக்கியபோது, ஒரு நாளைக்கு வெளியில் வட்டிக்கு வாங்கி, நகையை மீட்டு, மறுநாள் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. ஒழுங்குபடுத்தப்பட்ட கடனிலிருந்து அவர்களைக் கந்துவட்டிக்காரரிடம் கைபிடித்து அழைத்துப்போனது அவர்களின் அறியாமை என்று யாரேனும் சொல்லட்டும், கேட்கலாம். 2025 ஏப்ரலில் வந்த வரைவு விதிகள் இன்னும் கெடுபிடியாக இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. ஜூனில் வந்த இறுதி விதியில், இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம், விரிவான வருமான ஆய்வு வேண்டாம் என்று மாற்றினார்கள். ஐந்து பவுனை வைத்து மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட வரிசையில் நின்ற பெண், ஏப்ரலில் தெரிந்திருந்ததைவிட ஜூனில் கூடுதலாக எதையும் கற்றிருக்கவில்லை. சுற்றறிக்கையில் சில வரிகள் மாறியிருந்தன.